தேறி வரும் தம்பி பேச வரும்போது என்ன சொல்வது?

மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துத் தேறி வரும் தம்பி ஏதாவது பேச ஆரம்பித்தால் என்ன பதில் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பதிலே தேவையில்லாமல் இருக்கலாம்.

எனக்கும் இது லேசில் வரவில்லை. சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) புளோக்கின் கீழ்த்தளத்துக் கல் மேசையில் ஒருநாள் என் தங்கை, "ராத்திரி தூக்கமே வரலக்கா" என்றாள். "போனை ஓரமா வை, சரியாயிடும்" என்றேன். அவ்வளவுதான், தே ஓவை (பால் சேர்க்காத தேநீர்) குடித்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அடுத்த முறை, "தூக்கம் வராதப்ப மனசுல என்ன ஓடுது?" என்று மட்டும் கேட்டேன். ரொம்ப நேரம் ஒன்றுமே சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை (அதுதான் கஷ்டமே!). அப்புறம், வேலைக்குத் திரும்பப் பயமாக இருக்கிறது என்றாள். தூக்கமா பிரச்சினை?

ஆம், இல்லை என்று முடிந்துவிடாத கேள்வியாகக் கேளுங்கள். அவர் சொன்னதை, "அப்போ அங்க திரும்பிப் போறதுதான் பயமா இருக்கா?" என்று உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். தப்பாகப் புரிந்திருந்தால் அவரே திருத்துவார். "எனக்கும் அப்படித்தான்" என்று உங்கள் கதைக்குத் தாவ வேண்டாம்.

உயிரை விடுவதுபோல் பேசினால் மட்டும் சும்மா கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். அந்த எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. சிங்கப்பூரில் தற்கொலைத் தடுப்பு உதவிக்கு 1767, மனநல உதவிக்கு 1771; இரண்டு எண்களிலும் 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள். உங்களுக்கே மனம் கனத்தாலும் கூப்பிடலாம்.