பச்சைப் பெயின்ட்டுக்கு அடியில்: பழைய லேத் வாங்குகிறவர்களுக்கு

கேள்வி: வளைகுடாவில் இருபத்திரண்டு வருடம் ஃபிட்டராக இருந்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். பொழுதுபோக்காகச் சின்னச் சின்ன ஸ்டீம் இன்ஜின் மாடல்கள் செய்ய ஆசை. மண்டபத்தில் மூடிக்கிடக்கும் படகுப் பட்டறை ஒன்றில் நாலரை அடி பெட் (நீளமான அடித்தளம்) உள்ள பழைய லேத் (இரும்பைச் சுழற்றிக் கடையும் மெஷின்) விலைக்கு வருகிறது. விற்பவர் தெரிந்த காக்காதான் (எங்கள் ஊரில் அண்ணன் முறையில் அழைப்பது). புதிதாகப் பச்சைப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார். 65,000 ரூபாய் சொல்கிறார். ஓட்டிக் காட்டினார், சத்தமே இல்லை. வாங்கலாமா?
– வாசகர், கீழக்கரை

பதில்: முதலில் அந்தப் பெயின்ட்டை மறந்துவிடுங்கள். நான் வாங்கிய முதல் லேத்தும் பளபளவென்றுதான் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்றாம் மாதம் ஹெட் ஸ்டாக் (லேத்தின் தலைப்பெட்டி) மூடியைக் கழற்றியபோது, உடைந்துபோன வார்ப்பில் பட்டி பூசி, மேலே பெயின்ட் அடித்திருந்தது தெரிந்தது. விற்றவர் போனை எடுக்கவில்லை. அதிலிருந்து புதுப்பெயின்ட் அடித்த பழைய மெஷினைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அழுக்கும் எண்ணெயுமாக நிற்கிற லேத்தே மேல். எண்ணெய் போட்டு ஓட்டியிருக்கிறார்கள் என்றாவது தெரியும்.

சத்தம் வரவில்லை என்பதும் ஒரு சாட்சியாகாது. வெறுமனே சுற்றும்போது தேய்ந்த லேத்தும் அமைதியாகத்தான் சுற்றும். இரும்பை வெட்டும்போதுதான் அதன் குணம் வெளியே வரும். ஆகவே போகும்போது காந்த ஸ்டாண்டோடு ஒரு டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை ஊசியில் காட்டும் கருவி), ஒரு மைக்ரோமீட்டர், டார்ச், ஓரடி நீளத்தில் நேரான ஒரு கம்பி எடுத்துக்கொண்டு போங்கள். ஃபிட்டராக இருந்த உங்களுக்கு இதெல்லாம் கைவந்த கலை.

முதலில் பெட். எந்த லேத்திலும் வேலையில் முக்கால்வாசி, கம்பியைப் பிடித்துச் சுழற்றும் சக்குக்குப் பக்கத்தில்தான் நடக்கும். அதனால் பெட் அங்கேதான் தேயும், எதிர்முனையில் இருக்கும் டெயில் ஸ்டாக் பக்கம் புதிதுபோலவே இருக்கும். வெட்டும் டூலைத் தாங்கிப் பெட்டின்மேல் ஓடும் கேரேஜைச் சக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, ஆட்டம் இல்லாமலும் தள்ளினால் நகரும்படியும் அதன் ஜிப் ஸ்க்ரூக்களை (ஆட்டத்தைக் குறைக்கும் திருகுகள்) இறுக்குங்கள். அப்படியே டெயில் ஸ்டாக் பக்கம் நகர்த்திக்கொண்டு போங்கள். கடைசிவரை ஒரே மாதிரி போனால் நல்ல பெட். பாதியிலேயே இறுகி நின்றுவிட்டால், சக்குப் பக்கம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். இந்தச் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம், காசும் ஆகாது. ஆனாலும் செய்து பார்க்கிறவர் குறைவு.

அடுத்தது ஸ்பிண்டில், அதாவது சக்கைச் சுழற்றும் தண்டு. டயல் கேஜைச் சக்கின்மேல் வைக்காதீர்கள். சக்கின் கோளாறு வேறு, ஸ்பிண்டிலின் கோளாறு வேறு. சக் பழுதென்றால் புதிதாக வாங்கிவிடலாம். சக்கைக் கழற்றிவிட்டு ஸ்பிண்டில் மூக்கிலோ உள்ளே இருக்கும் டேப்பரிலோ (கூம்புத் துளை) வைத்துப் பாருங்கள். பிறகு சக்கை மாட்டி, அந்த ஓரடிக் கம்பியைப் பிடித்து, கையால் மேலே நெம்புங்கள். டயல் கேஜின் ஊசி 0.02, 0.03 மி.மீ. ஆடினால் பேரிங்கை இறுக்கிச் சரிசெய்ய வாய்ப்பு உண்டு. அதற்கு மேல் தாராளமாக ஆடினால் பேரிங் செலவையும் சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும். அரைமணி நேரம் வேகமாக ஓடவிட்டு ஹெட் ஸ்டாக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு கூடாது.

டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் கைப்பிடி கால் சுற்று வெறுமனே சுற்றுகிறதா? பயப்பட வேண்டாம், நட்டு தேய்ந்திருக்கும். நல்ல டர்னர் அந்த ஆட்டத்தோடேயே சுத்தமாக வேலை செய்வார், புது நட்டு செய்துகொள்வதும் பெரிய காரியம் இல்லை. ஆனால் விலை பேசும்போது அந்தக் கைப்பிடியை அவர் கண்முன்னால் ரெண்டு தடவை ஆட்டிக் காட்டுங்கள்.

பேக் கியரில் பல் உடைந்திருக்கிறதா பாருங்கள். மரை அளவுக்கு ஏற்ப மாற்றிப் போடும் சேஞ்ச் கியர்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள். லீட் ஸ்க்ரூ (மரை வெட்டும்போது கேரேஜை நகர்த்தும் நீளத் திருகு) அங்குலக் கணக்கில் இருந்தால் 127 பல் கியர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஓர் அங்குலம் 25.4 மி.மீ.; அதை ஐந்தால் பெருக்கினால்தான் 127 என்று முழு எண் வரும். அங்குல லீட் ஸ்க்ரூவில் மில்லிமீட்டர் மரையைத் துல்லியமாக வெட்ட அந்தப் பல் கணக்கு வேண்டும். அது இல்லை என்பதற்காக நீங்கள் லேத்தையே விட்டுவிட வேண்டாம். மாடல் வேலையில் வருவது பெரும்பாலும் எம்3, எம்4 (3, 4 மி.மீ. விட்டம்) மாதிரிச் சின்ன மரைகள், அதற்குக் கையால் மரை வெட்டும் டேப்பும் டையும் போதும். நாலு தாடை தனித்தனியாக நகரும் சக் இல்லை என்றால்தான் கஷ்டம். மாடல் இன்ஜின் சிலிண்டர் உருண்டையாக வராது, மூன்று தாடைச் சக்கில் அதைப் பிடிக்கவே முடியாது.

படகுப் பட்டறை லேத் என்பதால் இன்னொன்று. வருடக்கணக்கில் உப்புக்காற்று குடித்த மெஷின் அது. பெயின்ட் போகாத இடங்களில் டார்ச் அடியுங்கள்: பெட்டின் அடிப்பக்கம், ரேக்கின் பல் இடுக்கு, லீட் ஸ்க்ரூ மரையின் அடி, சக்குக்குள்ளே. பழுப்புக் கறை இருந்தால் துடைத்தால் போய்விடும். நகத்தால் தடவும்போது குழிகுழியாகத் தட்டுப்பட்டால் உப்பு உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

கடைசியாக ஒரு வெட்டு போட்டுப் பாருங்கள். 25 மி.மீ. கம்பியைச் சக்கில் பிடித்து, நூறு மி.மீ. வெளியே விட்டு, டெயில் ஸ்டாக் துணை இல்லாமல் மெல்லிசாக ஒரு வெட்டு. இரண்டு முனையையும் மைக்ரோமீட்டரில் அளந்தால் வித்தியாசம் 0.02 மி.மீ.க்குள் இருப்பது நல்லது. கூடுதலாக வந்தாலும் உடனே ஒதுக்கிவிடாதீர்கள். தரை சமமில்லாமல் லேத் முறுக்கிக்கொண்டு நின்றாலும் இப்படித்தான் வரும். வீட்டில் மட்டம் பார்த்துக் காலுக்குத் தகடு கொடுத்தால் சரியாகிவிடும்.

விலைக்கு வருவோம். நேரில் பார்க்காத மெஷினுக்கு நான் விலை சொல்ல மாட்டேன். எடைக்குப் போட்டால் இது என்ன தரும் என்பது காக்காவுக்குத் தெரியும். அதை நீங்களும் பழைய இரும்புக் கடையில் விசாரித்துக்கொண்டு போங்கள். அதற்கு மேல் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு சாமான் வர வேண்டும்: இரண்டு சக், கியர்கள், ஸ்டெடி (நீளக் கம்பியைத் தாங்குவது), டூல் போஸ்ட் (டூலைப் பிடிப்பது), சென்டர்கள் (கம்பி முனையைத் தாங்கும் கூர்முனைகள்). "அது எங்கேயோ கிடக்கும், தேடித் தருகிறேன்" என்பதற்கெல்லாம் காசு கிடையாது. தெரிந்தவர் ஆயிற்றே என்று கூச்சப்படாமல், எந்தெந்தச் சாமானோடு என்ன விலைக்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மெஷின் விற்பதையே தொழிலாகக் கொண்டவர்மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். தன் சொந்தச் சாமானை ஒரே ஒரு முறை விற்கிறவர்மீது அந்த வழியில் போவது கஷ்டம். அப்போது கையில் இருக்கிற தாள்தான் துணை.

தூக்கும்போது கவனம். லேத்துக்குத் தலைப்பக்கம்தான் கனம். கேரேஜை டெயில் ஸ்டாக் பக்கம் தள்ளி வைத்துவிட்டுத் தூக்குங்கள், லீட் ஸ்க்ரூவில் கயிறு படக் கூடாது. வளைந்தால் போச்சு.

கேள்வி: எங்கள் வீட்டில் சிங்கிள் பேஸ் கரண்ட்தான். வாங்கிய லேத்தில் ஒரு ஹெச்.பி. திரீ பேஸ் மோட்டார் இருக்கிறது. மோட்டாரை மாற்றவா, விஎஃப்டி வாங்கவா?
– வாசகர், உச்சிப்புளி

பதில்: விஎஃப்டி வாங்குங்கள். சிங்கிள் பேஸை உள்ளே எடுத்துத் திரீ பேஸாக வெளியே தரும், வேகத்தையும் ஒரு குமிழில் கூட்டிக் குறைக்கலாம். வாங்கும் முன்னால் மோட்டாரின் பெயர்ப்பலகையைப் படியுங்கள். 415 வோல்ட் ஸ்டார், 240 வோல்ட் டெல்டா (மோட்டார் சுருள்களை இணைக்கும் இரண்டு முறைகள்) என்று இரண்டும் இருந்தால் டெர்மினல் பெட்டியில் டெல்டாவுக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். ஸ்டாரிலேயே விட்டால் மோட்டார் சுற்றும், இழுவை இருக்காது. பிறகு விஎஃப்டி கடைக்காரரைத் திட்டுவீர்கள். மூன்று முனை மட்டும்தான் வெளியே வந்திருக்கிறது என்றால் ரீவைண்டிங் கடைக்காரரிடம் காட்டுங்கள்.

மோட்டாருக்கும் விஎஃப்டிக்கும் நடுவே பழைய ஸ்விட்சை வைத்து ஆன் ஆஃப் செய்யாதீர்கள், விஎஃப்டி போய்விடும். குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓட்டினால் மோட்டாரின் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், சூடேறும். எர்த் கட்டாயம். அப்புறம் உங்கள் லேத்தில் சக் மரை போட்டுத் திருகி மாட்டும் வகையா என்று பாருங்கள். அப்படியென்றால் விஎஃப்டியில் சட்டென்று பிரேக் பிடிப்பதும், ரிவர்ஸில் வெட்டுவதும் ஆபத்து. ஓடுகிற வேகத்தில் சக் கழன்று உங்கள் மடிக்கே வரும். நிற்கும் நேரத்தை நிதானமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இன்டர்நெட்டில் எல்லாரும் மைஃபோர்ட், மைஃபோர்ட் என்கிறார்கள். அது கிடைக்கும்வரை காத்திருக்கலாமா?
– வாசகர், ராமேஸ்வரம்

பதில்: வேண்டாம். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பக்கம் செய்த லேத் அது. அதன் எம்எல்7 மாடல் 1946இல் வந்தது. சென்டர் உயரம் (பெட்டிலிருந்து சுழலும் மையம்வரை) மூன்றரை அங்குலம்தான், வீட்டு மாடல்காரர்களுக்கு அளந்து தைத்த சட்டை மாதிரி. நம் ஊரில் எப்போதாவது ஒன்று வெளியே வந்தாலும் பெயருக்கே தனி விலை சொல்வார்கள். கோயம்புத்தூர், ராஜ்கோட், பஞ்சாபின் பட்டாலா என்று நம் நாட்டிலேயே செய்த சின்ன லேத்துகள் பழசாகக் கிடைக்கின்றன. மேலே சொன்ன பெட் சோதனையில் தேறினால் அதுவே போதும்.

கேள்வி: எங்கள் வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம். எவ்வளவு எண்ணெய் போட்டாலும் ஒரு வாரத்தில் லேத் பெட்டில் துரு வந்துவிடுகிறது. கடையில் விலை உயர்ந்த ஸ்ப்ரே ஒன்றை வாங்கச் சொல்கிறார்கள். பலன் இருக்குமா?
– வாசகர், பாம்பன்

பதில்: ஸ்ப்ரேக்குச் செலவழிக்கும் முன்னால் ஒரு வாளி நல்ல தண்ணீரை எடுங்கள். கேலி இல்லை. காற்றோடு வந்து படிகிற உப்பு எண்ணெயில் கரையாது, மண்ணெண்ணெயிலும் கரையாது. நீங்கள் எண்ணெய் போடும்போதெல்லாம் உப்பை உள்ளே வைத்து மேலே மூடுகிறீர்கள். காற்றில் ஈரப்பதம் முக்கால் பங்கைத் தாண்டினால் சாதாரண உப்பே தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும், கடலுப்பு அதற்கு முன்பே ஆரம்பித்துவிடும். பாம்பனில் எந்த ராத்திரி அதைத் தாண்டாமல் இருக்கிறது?

உப்புத்தண்ணீர் அல்லாத நல்ல தண்ணீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, பெட்டைத் துடையுங்கள். உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுத்து, ஈரம் போனபின் பெட் எண்ணெய் போடுங்கள். கடையில் 68 என்று எண் சொல்லிக் கேட்டால் கிடைக்கும் ஸ்லைடுவே எண்ணெய் நல்லது, ஒட்டி நிற்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசினாகிவிடும்.

மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடுகிறீர்களா? அதுதான் பாதிக் காரணமாக இருக்கும். உள்ளே வேர்த்து, வேர்த்த தண்ணீர் அங்கேயே நிற்கும். எண்ணெய் தடவிய பருத்தித் துணி போதும். அதற்குள்ளே ஒரு சின்னக் குண்டு பல்பை எரியவிட்டால் இரும்பு சுற்றியுள்ள காற்றைவிட ஓரிரு டிகிரி சூடாகவே இருக்கும், ஈரம் படியாது. துணி பல்பைத் தொடாமல் ஒரு கூண்டு வைத்துக்கொள்ளுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது, சூடு பத்தாது. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் கடல் பார்த்த ஜன்னலைச் சாத்தி வையுங்கள்.

வந்துவிட்ட துருவை எமரி பேப்பரால் தேய்க்காதீர்கள். உதிரும் பொடி எண்ணெயோடு சேர்ந்து கேரேஜுக்கு அடியில் போய், நீங்கள் ஓட்ட ஓட்டப் பெட்டை அரைக்கும். மண்ணெண்ணெயும் மெல்லிய ஸ்டீல் வுல்லும் போதும். உங்கள் ஊர்ப் பாலத்தையே பாருங்கள். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பெயின்ட் அடித்து மாளவில்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதுப்பாலத்துக்குத் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்ஸேன் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். ரயில்வேக்கே இந்தப் பாடு, உங்கள் லேத்தை வாரம் ஒருமுறை துடைப்பதில் தப்பில்லை.

கேள்வி: ஆன்லைனில் மினி லேத் வாங்கினேன். பெட்டியைப் பிரித்தால் டெயில் ஸ்டாக் வார்ப்பு உடைந்திருக்கிறது. "வந்த வழியில் உடைந்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை" என்கிறார்கள்.
– வாசகர், தொண்டி

பதில்: பொறுப்புதான். போனில் பேசுவதை நிறுத்திவிட்டு, படங்களோடு எழுத்தில் புகார் கொடுங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் பதியுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

பில் எந்தப் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கம்பெனி பெயரில் வாங்கியிருந்தால் "வியாபாரத்துக்கு வாங்கியவர், நுகர்வோர் இல்லை" என்று வாதாடுவார்கள். உடைந்த பாகத்தை நீங்களே வெல்டிங் வைத்து ஒட்டிவிடாதீர்கள், சாட்சியே அதுதான்.

கேள்வி: பழைய பித்தளைக் குழாயில் பாய்லர் செய்து என் முதல் ஸ்டீம் இன்ஜினை ஓட்டலாமா? கல்லூரி மாணவன்.
– வாசகர், தேவிபட்டினம்

பதில்: கூடாது தம்பி. சூட்டிலும் தண்ணீரிலும் பித்தளையில் உள்ள துத்தநாகம் நாளடைவில் கரைந்து போகும், வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், ஒருநாள் வெடிக்கும். பாய்லருக்குச் செம்புதான், அதுவும் வெள்ளிப் பற்றாசு (சில்வர் சால்டர்) வைத்து. ஈயப் பற்றாசு ஆகாது. செய்து முடித்தாலும், ஓட்டப்போகும் அழுத்தத்தைப்போல் இரண்டு மடங்குக்கு உள்ளே தண்ணீரை நிரப்பிப் பம்ப் அடித்துச் சோதித்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். இப்போதைக்குப் பாய்லர் செலவே வேண்டாம். பஞ்சர் கடையில் காற்று பிடிக்கிற கம்ப்ரஸரில் ஒரு குழாயை மாட்டி, அழுத்தத்தைக் குறைக்க ஒரு ரெகுலேட்டரும் வைத்தால் உங்கள் இன்ஜின் காற்றிலேயே ஓடும்.