முன் அனுபவம் இல்லாதவர் வீட்டிலேயே அக்கௌஸ்டிக் கிட்டார் செய்ய முடியுமா? கடையில் வாங்குவதே மேல் இல்லையா?

முடியும். பெங்களூரில் ஒரு ஃப்ளாட் பால்கனியில் ஆரம்பித்து, ஸ்ரீராம்புரத்தில் அப்பா வீட்டு மொட்டை மாடியில் நான் ஒன்றை முடித்திருக்கிறேன். கடையில் வாங்குவது மேலா என்றால், விலையைப் பார்த்தால் மேல்தான். மரம், ட்ரஸ் ராட் (கழுத்துக்குள் வைக்கும் இரும்புக் கம்பி), ஃப்ரெட் கம்பி (விரல் வைக்கும் பலகையில் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி), கம்பியை முறுக்கும் முறுக்காணி என எல்லாம் சேர்த்து எனக்கு 34,000 ரூபாய் ஆனது. கருவிகளுக்குத் தனியாக 20,000-க்கு மேல். அந்தப் பணத்துக்குக் கடையில் மிக நல்ல கிட்டார் கிடைக்கும். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர் விலைக்காகக் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன். நாலைந்து வீடியோ பார்த்திருப்பீர்கள், கை துறுதுறு என்றிருக்கும், வீட்டில் ‘எதற்கு’ என்று கேட்டிருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் தொழில்முறைக் கலைஞன் இல்லை. முடித்தது ஒன்று, இரண்டாவது பாதியில் இருக்கிறது. பல வருடமாக இந்த வேலை செய்பவர்களுக்கு நான் சொல்வதில் குறை தெரியலாம். என் கையில் நடந்ததை மட்டும்தான் எழுதுகிறேன்.

எல்லோரும் பயப்படுகிற விஷயங்கள் உண்மையில் அவ்வளவு பயங்கரமில்லை. பக்கப் பலகையை வளைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் ஊறவைத்து, சூடான இரும்புக் குழாய் மேல் மெதுவாக அழுத்த வேண்டும். என் முதல் பலகை இடுப்பு வளைவில் முறிந்தது. 2.5 மி.மீ. தடிமன் இருந்தது, 2 மி.மீ. ஆக இழைத்த பிறகு வளைந்து கொடுத்தது. ஃப்ரெட் கணக்கும் அப்படியே. கம்பி நீளம் 645 மி.மீ. என்றால் அதை 17.817-ஆல் வகுத்தால் தலைப்பக்கத்தில் கம்பி தொடங்கும் இடத்திலிருந்து முதல் ஃப்ரெட் 36.2 மி.மீ.யில் வரும். மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்துக்கொண்டே போக வேண்டும். அரை மி.மீ. தப்பினாலும் காது கண்டுபிடித்துவிடும் என்பதால், முதல் கிட்டாருக்கு ஃப்ரெட் பள்ளம் வெட்டிய பலகையை விலைக்கு வாங்குங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மரத்துக்கும் அமெரிக்காவைப் பார்க்க வேண்டியதில்லை. மைசூர் ரோடு மரக்கடையில் பின்பக்கத்துக்கும் பக்கங்களுக்கும் ஈட்டி மரம், அதாவது இந்திய ரோஸ்வுட், ரசீதோடு வாங்கினேன். கன்னடத்தில் பீட்டே என்பார்கள். பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது கஷ்டமானபோது அமெரிக்கக் கிட்டார் கம்பெனியான மார்ட்டினே 1969-இல் மாறியது நம் ஊர் ஈட்டிக்குத்தான். இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது. மேல்பலகைக்கு மட்டும் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன்.

என்னைக் கவிழ்த்தது காற்றில் இருக்கும் ஈரம்.

மேல்பலகைக்கு அடியில் எக்ஸ் வடிவத்தில் சட்டங்கள் ஒட்டுவார்கள். மார்ட்டின் கம்பெனி 1840களில், விலங்கு நரம்புக் கம்பி காலத்தில் பழக்கத்துக்குக் கொண்டுவந்த அமைப்பு அது. பின்னால் ஸ்டீல் கம்பி வந்தபோதும் அதுவே தாங்கியது. ஆறு ஸ்டீல் கம்பியும் சேர்ந்து இழுப்பது 70 கிலோவுக்கு மேல். அதைத் தாங்கும் பலகையோ 3 மி.மீ.கூட இருக்காது. சட்டங்களை உளியால் செதுக்கி, தட்டிக் கேட்டு, ஒட்டி முடித்தேன். மாதம் ஆகஸ்ட், வருடம் 2022. மழை வெள்ளத்தில் பெங்களூர் வெளிவட்டச் சாலையில் படகு விட்ட வருடம். வீட்டுக்குள் துணியே காயவில்லை.

அக்டோபரில் வேலையை அப்பா வீட்டுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அதற்குக் காரணம் குடியிருப்போர் சங்கம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் கையால் இழைப்புளி ஓட்டிய சத்தத்துக்கு எழுத்துப்பூர்வமாக நோட்டீஸ் கொடுத்தார்கள். அதே கட்டடத்தில் எனக்கு மேல் தளத்தில் நாலு மாதம் மார்பிள் அறுத்தார்கள். என் மகள் பரீட்சைக்குப் படிக்க முடியாமல் அழுதாள். அவர்களுக்கு ஒரு வார்த்தை இல்லை. வீட்டை அழகுபடுத்துவது அவசியம், கையால் ஒரு பொருள் செய்வது மட்டும் தொந்தரவு என்று யார் தீர்மானித்தது? இன்றைக்கும் அந்தக் கோபம் ஆறவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். ஜனவரியில் கம்பி மாட்டினேன். முதல் ஜி கார்டு வாசித்தபோது அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு மாதம் நன்றாகப் பாடியது. மார்ச்சில் கம்பிகள் ஃப்ரெட்டில் உரசிக் கரகரத்தன. மேல்பலகை குழிந்திருந்தது. ஒரு மத்தியானம் டிக் என்று ஒரு சத்தம். கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டையான பிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து அடி ஓரம் வரை தலைமுடி போல ஒரு விரிசல். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பா தச்சர். 31 வருடம் கதவும் ஜன்னலும் செய்தவர். விரிசலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“உள்சட்டம் எப்ப ஒட்டினே?”

“ஆகஸ்ட்லப்பா.”

“மழைக்காலத்துல கதவு இறுகிக்கும், மாசியில லொடலொடன்னு ஆடும். அதே மரம்தானே இது?”

மரம் இழையின் நீளவாக்கில் சுருங்குவது மிகக் கொஞ்சம். குறுக்கில்தான் சுருங்கும். மேல்பலகையின் இழை நீளவாக்கில் ஓடுகிறது, சட்டங்கள் அதை வெட்டிக்கொண்டு போகின்றன. ஈரத்தில் உப்பிய பலகையில் சட்டத்தை ஒட்டிவிட்டேன். கோடையில் பலகை சுருங்கப் பார்த்தது, சட்டம் விடவில்லை. இழுபறியில் பலகை குழிந்து, கடைசியில் பிளந்தது. 45 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் ஒட்ட வேண்டும் என்பதை வீடியோவிலும் சொல்லியிருந்தார்கள், நான்தான் குளிர்நாட்டுக்காரர்களுக்கான பேச்சு என்று தள்ளிவிட்டேன். ஐந்து மாதம் பக்கத்திலேயே இருந்த அப்பாவிடம் கதவைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

அப்புறம் அவர் சொன்னபடி செய்தோம். ஓட்டை போட்ட சோப்பு டப்பாவில் ஈரப் பஞ்சு வைத்து, கம்பியைத் தளர்த்தி, கிட்டாரை அதோடு பெட்டிக்குள் ஐந்து நாள் மூடி வைத்தோம். விரிசல் தானாகவே சேர்ந்துகொண்டது. அதில் பசையை விரலால் தேய்த்து இறக்கினேன். உள்ளே கைவிட்டு, விரிசலுக்குக் குறுக்கே இழை வரும்படி ஐந்து சிறிய ஸ்ப்ரூஸ் துண்டுகளை ஒட்டினேன். அப்பா டார்ச் பிடித்தார். வெளிச்சத்தில் சாய்த்தால் அந்தக் கோடு இப்போதும் தெரியும். மகள் தினமும் அதில்தான் பழகுகிறாள்.

கேள்வி கேட்ட உங்கள் விவரத்தில் பெங்களூர் வைட்ஃபீல்டு என்று பார்த்தேன். ஈரப்பதம் காட்டும் மீட்டர் 500 ரூபாய்க்குள் கிடைக்கும், முதலில் அதை வாங்குங்கள். இப்போது ஜூன், மழைக்காலம். சட்டம் ஒட்ட இது நேரமில்லை. மரம் ஏற்கெனவே வாங்கியிருந்தால் பலகைகளுக்கு இடையே குச்சி வைத்து, காற்றுப் போகும்படி அலமாரியில் அடுக்குங்கள். காற்று காயும்வரை உடலுக்கான அச்சு செய்யலாம், நெக் எனும் கழுத்தைச் செதுக்கலாம். மீட்டர் 45-க்கும் 50-க்கும் நடுவில் சில நாள் நின்ற பிறகு பசையைத் திறங்கள்.