எஸ்ஜிபிடி சற்றுக் கூடியிருந்தால் கல்லீரல் கெட்டுவிட்டது என்று பொருளா?

முழு உடல் பரிசோதனையில் எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதி 58 என்று வந்திருப்பதாகவும், உடலில் வேறு தொந்தரவு ஏதும் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். சேலத்தில் இதே போன்றதொரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் இரவு உறங்காமல் கிடந்தவன்.

எனக்கு எஸ்ஜிபிடி 61; அதோடு சேர்த்துப் பார்க்கும் எஸ்ஜிஓடி என்ற நொதி 84. பெரும்பாலான ஆய்வகங்கள் 40ஐ ஒட்டியே மேல் வரம்பை அச்சிடுகின்றன. செல்லுக்குள் இருக்க வேண்டிய இந்த நொதிகள், செல் சேதமடையும்போது இரத்தத்தில் கசிகின்றன. ஆகவே அவை சேதத்தைக் காட்டுமே தவிர, கல்லீரல் எவ்வளவு திறமாக வேலை செய்கிறது என்பதைக் காட்டமாட்டா. அதற்குப் பிலிருபின், அல்புமின், இரத்தம் உறையும் நேரம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். என் பிலிருபின் 0.8தான், காமாலை இல்லை. ஆயினும் அத்தை கீழாநெல்லியை அரைத்தே கொண்டுவந்துவிட்டார்.

மருத்துவர் முதலில் மதுவைப் பற்றிக் கேட்டார். குடிப்பழக்கத்தால் வரும் பாதிப்பில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடியைப் போல இரு மடங்குக்கு மேல் இருப்பது வழக்கமாம். அடுத்து, அண்மையில் உடலை வருத்தினீர்களா என்றார். பரிசோதனைக்கு இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்புதான் ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை நண்பர்களோடு நடந்து இறங்கியிருந்தேன். எஸ்ஜிஓடி தசையிலும் நிறைய உண்டு. மலை ஏறுவதைவிட இறங்குவதே தொடைத் தசைகளை அதிகம் புண்ணாக்கும். தசை நொதியான சிபிகேயும் உயர்ந்திருந்தது அதை உறுதிசெய்தது.

மூன்று வாரம் ஓய்வாக இருந்து மறுபடி பார்த்தபோது எஸ்ஜிஓடி 31க்கு இறங்கிவிட்டது. எஸ்ஜிபிடி மட்டும் 55லேயே நின்றது. மலையின் மேல் பழிபோட்டு நான் அங்கேயே நிறுத்தியிருந்தால் தவறாகியிருக்கும். ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் இல்லை. ஸ்கேனில் முதல் நிலைக் கொழுப்புக் கல்லீரல் தெரிந்தது. அது பெரும்பாலும் வலிப்பதில்லை. 82 கிலோவிலிருந்து 76க்கு வர ஏழு மாதமாயிற்று. எஸ்ஜிபிடி 36 ஆனது.

நீங்களும் சில வாரம் கழித்து மறுபரிசோதனை செய்துகொள்ளுங்கள்; கண் மஞ்சளானாலோ சிறுநீர் அடர்ந்த நிறமானாலோ அதுவரை காத்திருக்க வேண்டாம். மாத்திரைகளோடு சூரணம், லேகியம் எல்லாவற்றையும் மருத்துவரிடம் காட்டுங்கள். கொரோனா காலத்தில் சீந்தில் பொடி உண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. காப்பியை நிறுத்த வேண்டுமா என்று என் மருத்துவரிடம் கேட்டேன். காப்பி இருக்கட்டும், அதில் போடும் சர்க்கரையை நிறுத்துங்கள் என்றார்.