ஆக்கிரமிப்பு என்ற சொல் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

நான் குரோம்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன். பம்மலில் அட்டைப்பெட்டி தயாரிக்கும் சிறிய தொழிற்கூடம் ஒன்றை நடத்துகிறேன். எங்கள் பகுதிக் கடைக்காரர்களும் சிறுதொழில் செய்பவர்களும் சேர்ந்து, தாம்பரம் மாநகராட்சியின் பொருளாதார வளர்ச்சிக்காக ஒரு பரிந்துரைக் குறிப்பு எழுதி மேயரிடமும் ஆணையரிடமும் கொடுக்க முடிவு செய்திருக்கிறோம். எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பல அடுக்கு வாகன நிறுத்தம், தகவல் தொழில்நுட்பப் பூங்கா, ஆண்டுதோறும் வணிகத் திருவிழா, நகருக்கென ஓர் அடையாளச் சின்னம், நடைபாதை ஆக்கிரமிப்புகளை முற்றிலும் அகற்றுதல் ஆகியவற்றை முதல் வரைவில் சேர்த்திருக்கிறேன். வெளிநாட்டு நகரங்களில் மேயருக்கு ஆலோசனை சொல்ல வணிகர் குழுக்கள் இருக்கின்றன. இங்கே தொழில் நடத்தியே அறியாத கவுன்சிலர்கள்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறார்கள். எங்களைப் போன்றவர்களின் ஆலோசனையால் ஒரு புறநகர் முன்னேறும் என்று நினைக்கிறீர்களா? வரைவை இணைத்திருக்கிறேன்.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த அன்று என் மேசைமேல் பெரியப்பாவின் பழைய பேரேடுகள் இரண்டு கிடந்தன. வீட்டை ஒழித்தபோது பரணிலிருந்து இறக்கியவை. அவரும் உங்களைப் போல ஒரு வணிகர் சங்கத்துக்காக மனு எழுதியவர். ஆகவே உங்கள் வரைவை மற்றக் கடிதங்களைப் படிப்பதுபோல் என்னால் படிக்க முடியவில்லை. நான்கு முறை படித்தேன்.

உங்கள் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முன்னேறும். தொழில் செய்பவர்கள் சேர்ந்து யோசித்தால் ஓர் ஊரின் தலையெழுத்தே மாறும் என்பதற்குத் திருப்பூர் சாட்சி. 1990இல் தொடங்கப்பட்ட ஏற்றுமதியாளர் சங்கம், தண்ணீர் இல்லாத அந்த ஊருக்குப் பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் நீர் கொண்டுவரும் திட்டத்தில் அரசோடு பங்காளியாக நின்றது. இந்தியாவில் தனியார் முதலீட்டோடு நடந்த முதல் பெரிய குடிநீர், தொழில்நீர்த் திட்டங்களில் அதுவும் ஒன்று. ஆனால் தண்ணீர் ஊருக்குள் எப்படி வரும் என்று அத்தனை தெளிவாக யோசித்தவர்கள், சாயம் கலந்த நீர் ஊரைவிட்டு எப்படிப் போகும் என்பதை அதே தெளிவோடு யோசிக்கவில்லை. நொய்யல் ஆற்றின் கீழ்ப்பகுதி விவசாயிக்கு அந்த மேசையில் நாற்காலி இல்லை. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குளமாயிற்று. அணையைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. வழக்கு நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் நடந்து, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது ஊரே நின்றுபோனது. மேசையைச் சுற்றி யார் உட்கார்ந்தார்கள், யார் உட்காரவில்லை என்பதை வைத்துத்தான் எந்த ஆலோசனைக் குழுவையும் நான் எடைபோடுகிறேன்.

அதனால் கவுன்சிலர்களைப் பற்றி நீங்கள் எழுதிய வரி எனக்குக் கோபத்தை உண்டாக்கியது. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து உங்கள் மாநகராட்சி உருவானது. எழுபது வார்டுகள், அவற்றில் பாதி பெண்களுக்கு. அந்தப் பெண்களில் ஒருவரோடாவது பத்து நிமிடம் பேசியிருக்கிறீர்களா? எந்தத் தெருவில் குழாய்த் தண்ணீர் வாரக்கணக்கில் வராது, எந்த மழைநீர்க் கால்வாய் எங்கே முட்டி நிற்கிறது, எந்த வீட்டில் மாவரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். இவை பொருளாதாரம் இல்லையென்றால் வேறு எது பொருளாதாரம்? பெருநகரத் திட்டக் குழுவின் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதிகளிலிருந்தே வர வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டமே சொல்கிறது. வணிகர் ஆலோசனை சொல்லலாம். முடிவெடுப்பவர் வாக்கு வாங்கி வந்தவராக இருக்க வேண்டும். வெளிநாட்டு மேயரின் வணிகர் குழுவும் ஆலோசனைதான் சொல்கிறது. அந்த வரியை நீக்கிவிடுங்கள்.

வாகன நிறுத்தம் கட்டட்டும், எனக்கு மறுப்பில்லை. தகவல் தொழில்நுட்பப் பூங்காவை நீங்கள் கேட்டு யாரும் தரப்போவதில்லை, கேட்காமல் நிறுத்தப்போவதுமில்லை. அடையாளச் சின்னத்துக்கு ஓவியரைத் தேட வேண்டாம். அனகாபுத்தூருக்குப் போய், ஒரு காலத்தில் நைஜீரியாவுக்குக் கட்டம் போட்ட கைக்குட்டைத் துணி நெய்தவர்களின் வழிவந்தவர்கள் இன்று வாழைநாரில் சேலை நெய்வதைப் பாருங்கள். அவர்களுக்கு நூலும் கடனும் விற்பனை இடமும் கிடைக்க என்ன செய்யலாம் என்று ஒரு பக்கம் எழுதினால் அது சின்னத்தைவிட நூறு மடங்கு பயன்படும்.

இனி, நான் தாண்டிப் போக முடியாத வரிக்கு வருகிறேன். உங்கள் வரைவின் முதல் பத்தியிலேயே அது இருக்கிறது: 'நடைபாதை ஆக்கிரமிப்புகளை முற்றிலும் அகற்ற வேண்டும்.'

இந்தச் சொல்லை நான் ஒன்பதாம் வகுப்பில் கற்றுக்கொண்டேன். 1985 வாக்கில் இருக்கும். இதே புறநகர் ரயில் பாதையில் ஒரு நிலையத்தின் எதிரே பெரியப்பாவுக்குப் பாத்திரக்கடை இருந்தது. எவர்சில்வர் பாத்திரங்கள் உள்ளே அடுக்கியிருக்கும்; வாசலில் பிளாஸ்டிக் குடங்கள் சரம்சரமாகத் தொங்கும். அவர் கடைக்காரர் சங்கத்தின் செயலாளர். நேர்மையானவர், கடன் வைக்காதவர், ஊருக்கு நல்லது செய்ய வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தவர். நிலையத்தின் வாசலில் கீரை, காய், பூ விற்ற பெண்களால் கடைகளின் முகப்பு மறைகிறது என்று சங்கம் கருதியது. பெரியப்பா மனு எழுதினார். அவர் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும் என்பதால் அதைச் சுத்தப் பிரதி எடுக்கும் வேலை எனக்கு வந்தது. 'ஆக்கிரமிப்பு' என்பதில் வல்லினம் மிகுமா என்று அவரிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். மூன்று பிரதிகள் எடுத்துக் கொடுத்ததற்கு ஒரு நாணயமும் ஒரு டம்ளர் ரோஸ் மில்க்கும் கிடைத்தன.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை லாரி வந்தது. கூடைகள் போயின. கீரை சாலையில் மிதிபட்டுக் கிடந்ததைப் பள்ளிக்குப் போகும் வழியில் பார்த்தேன். என் மனுவுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு அப்போது எனக்கு விளங்கவில்லை.

அடுத்த மாதங்களில் நடந்தது பேரேட்டில் இருக்கிறது. பெரியப்பா ஒவ்வொரு நாளும் கல்லாவை எண்ணிச் சிவப்பு மையில் எழுதுவார். மாலை ஆறு மணி ரயிலில் இறங்கும் பெண்கள் கீரைக்கு நின்று, பேரம் பேசி, அப்படியே திரும்பினால் எதிரே கடை. ஒரு கரண்டி, ஒரு மூடி, இரண்டு டம்ளர் என்று வாங்கிக்கொண்டு போவார்கள். கீரை இல்லாத வாசலில் நிற்க அவர்களுக்குக் காரணம் இல்லை. நேரே வீட்டுக்கு நடந்தார்கள். மூன்று மாதத்தில் நாள் விற்பனை மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. சில்லறைப் பிரச்சினையும் சேர்ந்துகொண்டது. அந்தக் காலத்தில் நாணயத் தட்டுப்பாடு எவ்வளவு கடுமை என்பதை உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். பூ விற்ற அம்மாள் தினமும் இரவு கடையடைக்கும் முன் இருபது, முப்பது ரூபாய்க்கு நாணயங்களைக் கொண்டுவந்து கொடுத்து நோட்டாக மாற்றிக்கொண்டு போவார். பெரியப்பாவின் கல்லாப்பெட்டிக்கு நாணயம் வந்துகொண்டிருந்த வழி அதுதான். மனு எழுதும்போது அது அவர் நினைவுக்கு வரவே இல்லை.

அவர் அந்த அம்மாளைத் தேடிப் போனார். அடுத்த நிலையத்தின் படிக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். "திரும்பி வாம்மா, சங்கத்தில் பேசிக்கொள்கிறேன்" என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். "எழுதிக் கொடுத்தது நீங்கதானே சாமி? இங்க ஒரு இடம் புடிச்சிட்டேன். அங்க வந்தா இதுவும் போயிடும்" என்று அந்த அம்மாள் சொன்னாராம். பெரியப்பா அன்று இரவு சாப்பிடவில்லை. இதைப் பெரியம்மா எனக்குப் பல ஆண்டுகள் கழித்துச் சொன்னார். பேரேட்டில் அந்தத் தேதிக்கு நேரே சிவப்பு மையில் எதுவும் எழுதப்படவில்லை. நாற்பது ஆண்டுகளில் அவர் கல்லா எழுதாத ஒரே நாள் அதுவாக இருக்கலாம்.

எஸ்., உங்கள் சங்கத்தின் கூட்டத்துக்குப் போகும்போது கடைகளின் வாசலைக் கவனித்துக்கொண்டே போங்கள். கடையின் படிக்கட்டு நடைபாதையில் இறங்கியிருக்கும். ஜெனரேட்டர் நடைபாதையில் நிற்கும். பெயர்ப்பலகை, துணி மாட்டிய பொம்மை, இருசக்கர வாகனங்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும். அவற்றை எந்த மனுவிலாவது ஆக்கிரமிப்பு என்று எழுதியிருக்கிறோமா? கூடையின் அளவு இரண்டடி. அதற்கு மட்டும் அந்தச் சொல்லை ஒதுக்கிவைத்திருக்கிறோம். நடைபாதை நடப்பவருக்கு உரியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சக்கர நாற்காலியில் போகிறவரும் குழந்தையைக் கையில் பிடித்தவரும் சாலையில் இறங்கி நடக்க நேர்வது கொடுமை. ஆனால் இடத்தைப் பங்கிடுவதற்கும் ஒருவரைத் துடைத்தெறிவதற்கும் வேறுபாடு உண்டு.

அந்த வேறுபாட்டைச் சட்டமும் அறிந்திருக்கிறது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டத்தின்படி ஒவ்வொரு நகரிலும் ஆணையர் தலைமையில் ஒரு விற்பனைக் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினர்களில் நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாமல் தெருவோர வியாபாரிகளே தேர்ந்தெடுத்த அவர்களின் பிரதிநிதிகள். அவர்களிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். வியாபாரிகளைக் கணக்கெடுத்து முடித்துச் சான்று வழங்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. அதாவது, ஒரு நகரின் வணிகத்தைப் பற்றி ஆலோசனை சொல்லும் வணிகர் குழு ஒன்றைச் சட்டம் ஏற்கெனவே அமைத்துத் தந்திருக்கிறது. வணிகர் சங்கங்களுக்கும் வங்கிகளுக்கும் அதில் இடம் உண்டு. நீங்கள் வெளிநாட்டில் தேடியது இது. உங்கள் மாநகராட்சியில் அந்தக் குழு எத்தனை முறை கூடியது, கூட்டக் குறிப்புகள் எங்கே என்று கேட்பது உங்கள் பரிந்துரைகளில் முதலாவதாக இருக்கட்டும்.

உங்கள் நகரின் பிழைப்பு எதன்மேல் நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து, காலையில் போய் மாலையில் திரும்பும் மனிதர்களின் நகரம் அது. தாம்பரம் சானடோரியம் பகுதியில் 1984இல் தொடங்கிய ஏற்றுமதி வளாகம் 262 ஏக்கரில் விரிந்திருக்கிறது. அது மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இருப்பதால் உங்கள் மேயர் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் ஷிப்டு முடிந்து வெளியே வரும் பெண் தொழிலாளி எங்கே இட்லி மாவு வாங்குகிறார், எங்கே பிள்ளைக்குச் சட்டை வாங்குகிறார் என்பது உங்கள் மாநகராட்சியின் கையில் இருக்கிறது. அவருடைய சம்பளத்துக்கு எட்டும் விலையில் விற்பவர் பெரும்பாலும் தெருவோரத்தில்தான் இருக்கிறார். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. பெருங்களத்தூரில் இரவெல்லாம் தென்மாவட்டப் பேருந்துக்குக் காத்து நின்ற கூட்டத்தை நம்பித் தேநீரும் வாழைப்பழமும் தண்ணீர் பாட்டிலும் விற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று உங்கள் சங்கத்தில் யாராவது பேசினார்களா? கூட்டம் இடம் மாறினால் ஒரு வட்டாரத்தின் வருமானம் எப்படி மாறும் என்பதை அனுபவத்தில் அறிந்த வணிகர்கள் அவர்கள். அவர்களிடம் கேட்காமல் எழுதப்படும் பொருளாதாரக் குறிப்பில் பாதிப் பொருளாதாரம் விட்டுப்போகும்.

உங்களைக் கடிந்துகொண்டதில் அன்பும் இருக்கிறது. முப்பது பேர் தள்ளிவிட்ட வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள். மின்கட்டணம், உரிமம் புதுப்பிக்க அலைவது, பம்மல் சாலையில் மழைநாளில் அட்டைகள் நனைவது பற்றி நீங்கள் எழுதிய ஒன்றரைப் பக்கம் அருமையாக இருக்கிறது. வேறு யாராலும் எழுத முடியாத பகுதி அது. அங்கே உங்கள் தொழில் பேசுகிறது. மற்றப் பக்கங்களில் யாரோ ஒருவருடைய விளம்பரத் தாள் பேசுகிறது. அந்த ஒன்றரைப் பக்கத்தைப் பத்துப் பக்கமாக்குங்கள்.

அதற்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை காலை பல்லாவரம் பழைய டிரங்க் ரோட்டுச் சந்தைக்குப் போய்வாருங்கள். செடி, பழைய மின்விசிறி, காய்கறி, நாற்காலிக்கால் என்று எல்லாம் விற்கும் அந்தச் சந்தையும் உங்கள் வரைவின்படி ஆக்கிரமிப்பு ஆகுமா என்று நின்று பார்த்து எனக்கு எழுதுங்கள். உங்கள் அட்டைப்பெட்டிகளே அங்கே இரண்டாம் முறை விலைபோவதைக்கூடப் பார்ப்பீர்கள் என்று நினைக்கிறேன். முதல் பத்தியில் அந்தச் சொல்லை அடித்துவிட்டு வரைவை மறுபடி அனுப்புங்கள். இந்த முறையும் சுத்தப் பிரதியை நானே எழுதித் தருகிறேன்.