மாம்பழம் இனிப்பாக இருக்கிறது: ‘ஆக’ வந்தால் அட்வெர்பா?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், ‘தி மேங்கோ டேஸ்ட்ஸ் ஸ்வீட்’ என்ற வாக்கியத்தில் ‘ஸ்வீட்’ அட்வெர்ப் (வினையடை) என்று எழுதினாள். தமிழில் ‘ஆன’ வந்தால் அட்ஜெக்டிவ் (பெயரடை), ‘ஆக’ வந்தால் அட்வெர்ப் என்று டியூஷனில் சொல்லிக்கொடுத்தார்களாம். மதிப்பெண் போய்விட்டது. யார் சொல்வது சரி?

பதில்: பள்ளிதான் சரி. ஆனால் உங்கள் மகளைத் திட்டாதீர்கள், அவளுக்குக் கொடுத்த குறுக்குவழிதான் கோளாறு.

‘அழகான பூ’, ‘அழகாகப் பாடினாள்’ என்பவற்றில் அந்த ஆன-ஆக கணக்கு சரியாக வரும். ‘இருக்கிறது’ வந்ததும் கவிழ்ந்துவிடும். ‘பூ அழகாக இருக்கிறது’ என்றுதானே சொல்கிறோம்? ஆங்கிலத்தில் அந்த இடத்தில் நிற்பது பெயரடை: ‘தி ஃப்ளவர் இஸ் ப்யூட்டிஃபுல்’. லுக், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல், சவுண்ட், சீம் ஆகியவையும் பல சமயம் இந்த ‘இஸ்’ஸின் வேலையைத்தான் பார்க்கின்றன. அந்த வினையை எடுத்துவிட்டு ‘இஸ்’ போட்டுப் பாருங்கள். ‘தி மேங்கோ இஸ் ஸ்வீட்’. பொருள் ஏறக்குறைய அப்படியே நிற்கிறதா? அப்படியானால் அட்ஜெக்டிவ்.

இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. ‘தி ரசம் ஸ்மெல்ஸ் குட்’ என்றால் ரசம் மணக்கிறது, ‘குட்’ பெயரடை. ‘தி குக் ஸ்மெல்ஸ் தி ரசம் கேர்ஃபுலி’ என்றால் சமையல்காரர் கவனமாக மோந்து பார்க்கிறார், ‘கேர்ஃபுலி’ வினையடை. வினை ஒன்றேதான். ஆனால் இரண்டாவதில் ஒருவருடைய மூக்கு வேலை செய்கிறது, முதலாவதில் ரசத்துக்கு மூக்கே இல்லை. இரண்டாவதில் ‘இஸ்’ போட்டால் ‘சமையல்காரர்தான் ரசம்’ என்று ஆகிவிடும். சிரித்துவிட்டு அட்வெர்ப் என்று எழுதலாம்.

அப்புறம், ‘எல்ஒய்’யில் முடிந்தால் அட்வெர்ப் என்றும் அதே டியூஷனில் சொல்லியிருப்பார்களே? அந்த வாலைக் கழற்றிப் பாருங்கள். மிச்சம் பெயர்ச்சொல்லாக இருந்தால் பெரும்பாலும் பெயரடைதான்: ஃப்ரெண்ட்லி, காஸ்ட்லி. வால் இல்லாத ‘ஹார்ட்’ இரண்டு வேலையும் பார்க்கும், வாலை ஒட்டினால் பொருளே மாறிவிடும். உழைப்பாளி என்று காட்டிக்கொள்ள நினைத்து ‘ஐ ஹார்ட்லி ஒர்க்’ என்று எழுதிய ஒரு வேலை விண்ணப்பம் என்னிடம் வந்தது. ‘நான் அநேகமாக வேலையே பார்ப்பதில்லை’ என்று ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்திருந்தார், பாவம்.

‘ஸ்கூல் பஸ்’ஸில் வரும் ‘ஸ்கூல்’லையும் சில கைடுகள் அட்ஜெக்டிவ் என்று அச்சடிக்கின்றன. ‘வெரி ஸ்கூல் பஸ்’ என்று யாராவது சொல்வார்களா? அது பெயர்ச்சொல்தான், இன்னொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கிறது, அவ்வளவே.

‘ஒரே மாதத்தில் இலக்கணம் முழுவதும்’ என்று நோட்டீஸ் அடிப்பவர்கள் கையில், எந்தச் சொல் எந்த வகை என்று நூறு சொல் கொண்ட பட்டியல் ஒன்று இருக்கும். அதற்குப் பணம் கட்டாதீர்கள். ‘ரவுண்ட் டேபிள்’, ‘ரவுண்ட் தி கார்னர்’, ‘தி செகண்ட் ரவுண்ட்’ மூன்றிலும் ‘ரவுண்ட்’ மூன்று வகை. வாக்கியமே கொடுக்காமல் தனிச்சொல்லை வைத்து ‘இது எந்த வகை?’ என்று ஒரு மதிப்பெண் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்வரை அந்தப் பட்டியல் வியாபாரம் நடந்துகொண்டுதான் இருக்கும். அப்படி ஒரு கேள்வி வந்தால் மட்டும் பள்ளிக்குப் போய்ச் சண்டை போடுங்கள். மாம்பழத்துக்காகப் போக வேண்டாம்.