அற்றிக்கில் பூஞ்சணம்: கூரையில் இன்னும் இரண்டு வென்ற் போட்டால் தீருமா?

கனடாவின் ஸ்காபரோ வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எங்கள் வீடு 1970களில் கட்டியது. போன பங்குனியில் படுக்கையறைச் சீலிங்கில் ஈரத் திட்டு தெரிந்தது. அற்றிக்கில் (சீலிங்குக்கும் கூரைக்கும் இடையிலுள்ள வெளி) ஏறிப் பார்த்தால் கூரைப் பலகை முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். கூரைக்காரர் மேலே இன்னும் இரண்டு வென்ற் (காற்றுப் போக்கி) போடச் சொல்கிறார். போடலாமா?"

கொஞ்சம் பொறுங்கள். காற்று கூரையோரத்தின் அடியிலுள்ள சொஃபிற் துளைகளால் நுழைந்து, உச்சிக்கு அருகே உள்ள வென்ற்றால் வெளியேற வேண்டும். சொஃபிற் அடைபட்டுக் கிடக்க, மேலே மட்டும் துளையைக் கூட்டினால், வீட்டுக்குள் இருக்கும் சூடான ஈரக்காற்றுத்தான் சீலிங் இடுக்குகளால் மேலே இழுபடும். பூஞ்சணம் இன்னும் கூடும். அற்றிக்குக்கு மின்சார ஃபான் பூட்ட நினைப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

பங்குனி என்று நீங்கள் சொன்னதால் எனக்கு மழை ஒழுக்கில் அவ்வளவு சந்தேகம் இல்லை. தை மாதக் குளிரில் மேலே போகும் ஈரம் பலகையின் அடியிலும் ஆணி முனைகளிலும் உறைபனியாகப் படிந்து வாரக்கணக்கில் இருக்கும். வெயில் ஏறும் நாளில் அத்தனையும் ஒன்றாக இளகிச் சொட்டும். இதை ஒழுக்கென்று நம்பி கூரையை மூடும் நல்ல ஷிங்கிளைக் கழற்றி மாற்றியவர்களும் உண்டு. உங்கள் வீட்டில் சொட்டியது மழையில்லாத நாளிலா?

ஆகவே முதல் வேலை, ஈரம் மேலே போகும் வழியை அடைப்பது. குளியலறை ஃபானின் குழாய் எங்கே முடிகிறதென்று பாருங்கள். பழைய வீடுகளில் அது அற்றிக்குள்ளேயே முடிவது சாதாரணம். இன்சுலேஷன் (குளிர்காப்பு) சுற்றிய குழாயால் கூரைக்கோ சுவருக்கோ வெளியே கொண்டுபோக வேண்டும். சொஃபிற்றில் விட்டால் அதே ஈரம் திரும்ப உள்ளே ஏறும். குசினி ஹூட்டையும் கவனியுங்கள். புட்டும் இடியப்பமும் அவியும் வீட்டில், காற்றை வடிகட்டித் திரும்பக் குசினிக்குள்ளேயே விடும் ஹூட் போதாது. அற்றிக் கதவின் விளிம்பு, விளக்குப் பெட்டிகள், குழாய் ஏறும் ஓட்டைகள் எல்லாவற்றையும் அடைத்த பிறகுதான் புது இன்சுலேஷன்.

ஓர் எச்சரிக்கை. பழைய இன்சுலேஷன் பொடிக்கல் போல, மினுங்கும் பழுப்பு நிறத்தில் இருந்தால் அது வெர்மிகியுலைற் என்ற கனிமமாக இருக்கலாம். 1990க்கு முன் போட்டதில் நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்க வாய்ப்புண்டு. கிளறாமல், மேலே ஏறாமல், முதலில் பரிசோதிக்கச் செய்யுங்கள்.

அடுத்து சொஃபிற். வெளியே துளைத் தகடு தெரிவதை நம்பவேண்டாம். அதன் பின்னால் பழைய பலகை வெட்டப்படாமல் இருக்கலாம், அல்லது இன்சுலேஷன் வந்து மூடியிருக்கலாம். கூரைச் சட்டங்களுக்கு இடையே பஃபிள் தட்டு செருகி, இன்சுலேஷனுக்கும் பலகைக்கும் நடுவே குறைந்தது 25 மில்லிமீற்றர் காற்றுவழி விடவேண்டும்.

கடைசியாகத்தான் கணக்கு. சாதாரண சாய்வுக் கூரைக்குச் சீலிங் பரப்பில் 300இல் 1 பங்கு திறப்பு வேண்டும் என்பது ஒன்ராறியோ கட்டிட விதி. 900 சதுர அடிக்கு 3 சதுர அடி, அதாவது 432 சதுர அங்குலம். பாதி கீழே, பாதி மேலே என்று வைத்தால் நல்லது. ஒரு சாதாரணக் கூரை வென்ற் சுமார் 50 சதுர அங்குலம் தரும். ஆக மேலே நான்கைந்து போதும். இப்போது எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள். அநேகமாகப் புதிதாக ஒன்றும் தேவைப்படாது.

கூரைக்காரர் அற்றிக்கில் தலையை நீட்டாமல் முற்றத்தில் நின்றே விலை சொல்லியிருந்தால், வேறு ஆளைக் கூப்பிடுங்கள்.