10,000 இருக்கை கூட்ட ஓட்டுப் போடலாமா?
இரண்டு ஆட்டத்துக்கு டிக்கெட் தீர்ந்துபோனதால் உங்கள் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் மைதானத்தில் 10,000 இருக்கை கூட்டப் பார்க்கிறார்கள், மாணவர் பிரதிநிதியாக ஆதரிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். விற்ற டிக்கெட்டை விடுங்கள், வாசலில் ஸ்கேன் ஆன கணக்கைக் கேளுங்கள். பரம எதிரி வரும் நாளில் எந்த மைதானமும் நிறையும். நவம்பர் குளிரில், அணி தோற்றுக்கொண்டிருக்கும்போது மேல் வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் சுமார் 47,000 பேர் அமரும் தன் பழைய மைதானமான ரயன் ஃபீல்டை இடித்துவிட்டு, 35,000 இருக்கையே போதும் என்று முடிவெடுத்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் கதை வேறு. நிலநடுக்கப் பிளவின் மேலேயே நிற்கும் மைதானம், புதுப்பித்தே ஆகவேண்டும். 2012இல் வேலை முடிந்தது. ஆனால் நல்ல இருக்கைகளை நீண்டகால உரிமையாக விற்றுக் கடனை அடைக்கலாம் என்று போட்ட கணக்கு பலிக்கவில்லை. அப்புறம் கடனில் ஒரு பகுதி பல்கலைக்கழகத்தின் தலையிலேயே விழுந்தது.

உங்கள் ஊரில் இதற்குக் கடன் வாங்கினால் வட்டியை யார் கட்டுவது, மாணவர் கட்டணத்தில் ஏறுமா? எழுத்தில் பதில் வரும்வரை கை தூக்காதீர்கள்.